சங்க மலருக்கு ஓர் எருமை

1

சங்கத்தின் மூன்றாம் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை கேட்டார்கள். கட்டுரை வரவில்லை, எருமை வந்தது. இந்தக் கதை பிறந்தது அப்படித்தான். மறைக்க ஒன்றுமில்லை.

கேட்டவர் எங்கள் தலைவர் வலியுல்லா சாயபு. அடையாற்றங்கரையில் கத்தரித் தோட்டமும் நாலு மாடும் வைத்திருக்கிறவர். "தேசிய விவசாயக் கூட்டுறவின் வளர்ச்சியும் விவசாயிகளுக்கு அதன் பங்கும்" என்று தலைப்பை யாரையோ விட்டு அழகாக எழுதிக்கொண்டு வந்து என் மடியில் வைத்தார்.

"ரெண்டு பக்கம் போதும் நைனா. மொத நாள்லேர்ந்து கொட்டாயிலே கீறவன் நீதான்."

"நான் நாலாங்கிளாஸு சாயபு."

"அதுக்கோசரம்தான் உன்னாண்ட வந்தேன். படிச்சவன் எழுதினா நமக்கே புரியமாட்டேங்குது."

இது புகழ்ச்சியா என்று யோசித்தேன். இல்லை என்று முடிவு செய்துகொண்டு உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: "நமது தேசத்தில் ஆதிகாலந்தொட்டு விவசாயிகள்—"

ஆதிகாலத்தில் நான் இல்லை. அடித்தேன்.

இரண்டாவது: "ஒற்றைக் குச்சியை ஒடித்துவிடலாம், பத்துக் குச்சியைக் கட்டாகக் கட்டினால்—"

இதைச் சொல்லாத கூட்டுறவு அதிகாரி இன்னும் பிறக்கவில்லை. எங்கள் ஊரில் பாதிப்பேர் சவுக்கு விறகைக் கட்டிச் சுமந்து விற்றவர்கள். கட்டு என்ன செய்யும் என்று அவர்கள் கழுத்துக்குத் தெரியும். அடித்தேன்.

மூன்றாவது: "1946-ஆம் வருஷம் ஆனி மாதம், கோட்டூர் பால் சங்கத்துக் கொட்டகையில், துரைசானி என்கிற எருமை பால் விட மறுத்தது."

இதை அடிக்கக் கை வரவில்லை.

2

கட்டுரையில் சொல்ல வேண்டியதை இங்கேயே சொல்லித் தொலைத்துவிடுகிறேன். பிறகு தொந்தரவு இருக்காது.

சங்கம் வருமுன் கோட்டூர்க்காரன் விடியுமுன் எருமையை ஓட்டிக்கொண்டு அடையாற்றுப் பாலத்தைத் தாண்டுவான். மயிலாப்பூரிலும் சாந்தோமிலும் வாடிக்கை வீட்டு வாசலில் எருமையை நிறுத்துவான். சொம்பைக் கவிழ்த்துக் காட்டுவான், உள்ளே தண்ணீர் இல்லை என்பதற்கு. வீட்டுக்கார அம்மாள் அதை வாங்கித் தானும் ஒரு தரம் கவிழ்ப்பாள். அப்புறம்தான் கறக்க விடுவாள். இதில் யாருக்கும் கோபம் கிடையாது. சந்தேகப்படுவது அந்தக் காலத்தில் மரியாதைக் குறைவாக இருக்கவில்லை. (இப்போதும் எனக்கு அப்படித்தான்.)

அதே ஆள் பிண்ணாக்கு மண்டிக்கு ஒற்றை ஆளாகப் போனால், "நாளைக்கு வா" என்பான் மண்டிக்காரன். நாளைக்குப் போனால், "நேத்தே வரக்கூடாதா" என்பான். யுத்தகாலத்தில் பிண்ணாக்கு மருந்துபோல ஆகிவிட்டது. மாடுகளின் விலா எலும்பை எண்ணலாம். நாங்கள் பன்னிரண்டு பேர் சங்கம் என்று பெயர் வைத்துக்கொண்டு ஒன்றாக மண்டி வாசலில் போய் நின்றோம். அன்றைக்கும் "நாளைக்கு வாங்க" என்றுதான் சொன்னான். ஆனால் பெஞ்சைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டுச் சொன்னான். கூட்டுறவின் வளர்ச்சி என்று நான் கண்ணால் முதலில் பார்த்தது அந்தப் பெஞ்சுதான்.

பிறகு ஓர் அதிகாரி வந்து கரும்பலகையில் ஆலமரம் போட்டார். கிராமத்துக்கு ஒரு சங்கம், ஜில்லாவுக்கு ஒரு யூனியன், நாளைக்குத் தேசம் முழுவதற்கும் ஒன்று என்று கிளைகளாக வரைந்துகொண்டே போனார். வேர் எது என்று கேட்டேன். "நீங்கதான்" என்றார். வேருக்கு வெளிச்சமே கிடையாதே என்று தோன்றியது. கேட்கவில்லை.

ஆனால் சும்மா சொல்லக்கூடாது, யூனியன் பிண்ணாக்கு தந்தது. ஆடி மாதக் கடைசியில் ஒரு லாரி வரும். பட்டியலில் பெயர் உள்ளவனுக்கு மூட்டை. பெயர் ஏறுவதற்கு ஒரு நிபந்தனை: முப்பது நாள், ஒரு நாள்கூட விடாமல், காலைப் பாலைக் கொட்டகையில் எல்லோர் கண்ணெதிரிலும் கறந்து பொது கேனில் ஊற்ற வேண்டும். வீட்டில் கறந்து கொண்டுவரக்கூடாது. யூனியன் கேட்டது பாலைத்தான். கொட்டகை, கண்ணெதிர் என்பதெல்லாம் நாங்களே சேர்த்துக்கொண்டது. பன்னிரண்டு பேரில் ஒருவரை ஒருவர் நம்பின ஆள் கிடையாது.

* அளவுக்காரன் என்று ஒருவன் இனிமேல் வருவான். கேன் பக்கத்தில் நின்று, கண்ணாடிக் குச்சியை விட்டுப் பாலைச் சோதித்து, படியால் அளக்கிறவன். அது நான்தான். "நான்" என்று எழுதினால் நல்லவனாகத் தெரிய ஆசை வந்துவிடுகிறது. ஆகவே அவன்.

3

கோட்டூரின் பச்சை வயல்களின் மீது இளங்கதிர் பொன்னை வாரி—

(கோட்டூரில் அந்த நேரத்துக்கு வெயில் ஏது. சாணிப் புகைதான்.)

சாணிப் புகைக்குள் வேம்புலி துரைசானியை ஓட்டிக்கொண்டு கொட்டகைக்கு வந்தான். ஐம்பது வயது. ஏரிக்கால் ஓரத்தில் கால் காணி கீரைப் பாத்தி, இந்த ஓர் எருமை, கன்னியம்மா என்கிற பெண்சாதி. இவ்வளவுதான் அவன் உலகம். எருமை போனால் எருவும் போகும், எரு போனால் கீரை போகும். இது அவனுக்குத் தெரியும். எருமைக்கும் தெரியும் என்று அவன் நம்பினான்.

எருமைக்கு அந்தப் பெயர் வைத்தது கன்னியம்மா. கரியிலே குளித்த நிறம், ஆனால் நடை வெள்ளைக்காரச் சீமாட்டி நடை. வழியில் யாருக்கும் ஒதுங்காது. எட்டு வருஷமாகச் சாந்தோமில் ஒரே வாசலில் பால் விட்ட எருமை. ஃப்ளோரன்ஸ் டீச்சரம்மாள் வீட்டு வாசல். கன்று செத்துப் போனதிலிருந்து வைக்கோல் திணித்த கன்றுத்தோலை வேம்புலி தோளில் போட்டுக்கொண்டு போவான். அதை முகர்ந்துவிட்டு, டீச்சரம்மாள் வைக்கும் கழுநீரைக் குடித்துவிட்டு, இரண்டு படி கொடுக்கும்.

அன்றைக்கும் கன்றுத்தோலைக் காட்டினான். முகர்ந்தது. மடியைக் கழுவினான். நின்றது. காம்பைப் பிடித்து இழுத்தான். ஒரு சொட்டு வரவில்லை.

"இன்னா வேம்புலி, மடியிலே பூட்டா?" என்றான் அளவுக்காரன்.

"புது எடம். பயப்படுது."

"எருமையா நீயா?"

கொட்டகை சிரித்தது. வேம்புலி சிரிக்கவில்லை. காம்பை விட்டுவிட்டு எழுந்து, துரைசானியின் முகத்தைப் பார்த்தான். அது பாலம் இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றது. வேறு ஆளாயிருந்தால் அடித்திருப்பான். வேம்புலிக்கு, தப்பு செய்தது தான்தான் என்றுபட்டது. எட்டு வருஷம் ஒரு இடத்தைப் பழக்கிவிட்டு, ஒரே நாளில் மாற்று என்றால் பெண்சாதிகூடக் கேட்கமாட்டாள்.

(அவன் மனசில் பட்டது உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். பின்னால் ஒரு நாள் அவனே சொன்னான். அவன் சொன்னதில் பாதியைத்தான் நான் நம்பினேன். இங்கே எழுதியிருப்பது அந்தப் பாதி.)

இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாளும் இல்லை. மற்றவர்கள் மாடுகளும் முதலில் முரண்டு பிடித்தன, நாலைந்து நாளில் பழகிவிட்டன. துரைசானி மட்டும் கொட்டகையில் சிலைபோல நிற்கும். மடி கனத்து வலிக்குமே என்று, பிறகு வேம்புலி அதைப் பாலம் தாண்டி ஓட்டிப் போவான். சாந்தோம் வாசலில் நின்றவுடன் கொட்டும்.

ஐந்தாம் நாள் அளவுக்காரனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. விடியுமுன் அங்கே கறந்துவிட்டு, இங்கே வெறும் மடியைக் கொண்டுவந்து காட்டுகிறானோ? மடியை அமுக்கிப் பார்த்தான். கல்லாட்டம் இருந்தது. அப்போதும் சந்தேகம் போகவில்லை. போகாதது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

4

இங்கே கதையை நிறுத்தி ஒன்று சொல்ல வேண்டும். வேம்புலியை நான் சரியாக எழுதுகிறேனா என்று எனக்கே நம்பிக்கை இல்லை. சாதுவாக வருகிறான். அவன் சாது இல்லை. வாய்க்கால் தண்ணீருக்காக ஒருத்தன் காதைக் கடித்தவன். கடிபட்ட காதுக்காரன் சங்கத்தில் உறுப்பினர். அதையும் சேர்த்து வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அவன் செய்த முட்டாள்தனத்துக்கு வருகிறேன். மாடு வைத்திருக்கிற ஆள் மட்டுமே செய்யக்கூடிய முட்டாள்தனம். கறக்கிற பெண்பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால், அவள் புடவையை இன்னொருத்தி சுற்றிக்கொண்டு போய்க் கறப்பதுண்டு. வாசனை பழகியதாக இருந்தால் மாடு ஏமாறும். வேம்புலிக்கு அது ஞாபகம் வந்தது. துரைசானிக்கு வேண்டியது டீச்சரம்மாள். டீச்சரம்மாளைக் கோட்டூருக்குத் தூக்கி வர முடியாது. புடவையைக் கொண்டு வரலாம்.

சாந்தோம் வாசலில் நின்று தலையைச் சொறிந்தான்.

"என்ன வேம்புலி, என்ன வேணும்?" என்றாள் ஃப்ளோரன்ஸ். அறுபது வயது, பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றவள். எருமையிடம்கூட வாத்தியார் குரலில்தான் பேசுவாள்.

"டீச்சரம்மா, பழைய பொடவை ஒண்ணு…"

"கன்னியம்மாவுக்கா?"

"எருமைக்குங்க."

அவள் எருமையைத் திரும்பிப் பார்த்தாள். உள்ளே போய் ஒரு ஊதாப் புடவையைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஏன் என்று கேட்கவில்லை. நாற்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவள், சில கேள்விகளைக் கேட்டால் பதில் நீளும் என்று தெரிந்தவள்.

வீட்டில் கேள்வி இல்லாமல் இல்லை.

"எவ பொடவை இது?" என்றாள் கன்னியம்மா.

"டீச்சரம்மாது. நீ கட்டிக்கினு நாளைக்குக் கொட்டாய்க்கு வா."

"நான் எதுக்குய்யா அந்தம்மா பொடவையைக் கட்டிக்கினு வரணும்?"

"துரைசானி உன்னை டீச்சரம்மான்னு நெனச்சிக்கும்."

"ஏன்யா, என்னை நானுன்னு நெனச்சா அதுக்கு இன்னா கொறச்சலாம்? சாணி வார்றவ நான். புல்லு அறுக்குறவ நான். ஒரு குண்டான் கழுநீர் வெச்சவ அதுக்குப் பெரிய மனுசி ஆயிட்டாளா?"

வேம்புலி புடவையை மடித்து அவள் பக்கம் நகர்த்தினான். அவனுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

"கட்டிக்கினு வரேன். பால் வந்துச்சுன்னா பொடவை எனக்கு," என்றாள் கன்னியம்மா. "வரலன்னாலும் எனக்கு."

5

மறுநாள் கொட்டகையில் நடந்ததை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. சிரித்துக்கொண்டே எழுதினால் வாசிக்கிறவனுக்குச் சிரிப்பு வராது என்பார்கள். ஆகவே வரிசையாகச் சொல்கிறேன்.

கன்னியம்மா ஊதாப் புடவையில் வந்தாள். நல்ல புடவை. துரைசானிக்கு முன்னால் போய், ஃப்ளோரன்ஸைப்போல முதுகை நேராக்கிக்கொண்டு நின்றாள்.

"ம், குடி," என்று கழுநீரை வைத்தாள்.

"அந்தம்மா அப்படிச் சொல்லாது," என்றான் வேம்புலி மெதுவாக. "'அவசரப்படாமக் குடி'ன்னும்."

"அவசரப்படாமக் குடி. அவசரப்படாம எங்க தாலிய அறு," என்றாள் கன்னியம்மா.

துரைசானி புடவையை முகர்ந்தது. முந்தானையிலிருந்து கொசுவம் வரைக்கும் நிதானமாக முகர்ந்தது. பிறகு அது கன்னியம்மாவின் முகத்தை ஏறிட்டுப் பார்த்து, ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டது.

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அது அடங்கும் நேரத்தில்தான் காரியதரிசி ஆரோக்கியநாதன் சைக்கிளில் வந்து இறங்கினார். யூனியன் அனுப்பிய சம்பளக்காரர். முப்பது வயது, சாந்தோம்காரர். சட்டத்தைக் கரைத்துக் குடித்தவர். "வாசல் கறவையை ஒழிக்காமல் சங்கம் உருப்படாது" என்பது அவர் வாரத்துக்கு ஒரு தரம் சொல்லும் வாக்கு.

அவர் கன்னியம்மாவைப் பார்த்தார். முகத்தை அல்ல, புடவைக் கரையைப் பார்த்தார்.

"இந்தப் புடவை எங்கேயிருந்து வந்தது?"

"டீச்சரம்மா கொடுத்தாங்க. சாந்தோம்லே."

"ரோசரி சர்ச் ரோடா? புங்க மரத்து வீடா?"

"ஆமாங்க. எட்டு வருசமா நம்ம வாடிக்கை."

ஆரோக்கியநாதன் சைக்கிளைச் சாய்த்து வைத்தார். அது கீழே விழுந்தது. எடுக்கவில்லை.

"அது எங்க வீடு," என்றார். "என் மொத சம்பளத்திலே தியாகராய நகர்ல எடுத்த புடவை இது."

* அவர் எட்டு வருஷமாக அந்தப் பாலைக் குடித்து வளர்ந்த ஆள் இல்லை. வேலை நிமித்தம் வெளியூரில் இருந்துவிட்டு அந்த வருஷம்தான் திரும்பினார். விடியுமுன் கிளம்பிப் பால் வண்டிக் கணக்கைப் பார்க்கப் போய்விடுவார். வேம்புலி வாசலுக்குப் போவது அவர் போன பிறகு. இதை நான் ஜோடிக்கவில்லை. ஜோடிப்பதாயிருந்தால் இன்னும் நம்பும்படி ஜோடித்திருப்பேன்.

6

அன்று மத்தியானம் சாந்தோம் வீட்டில் தாய்க்கும் மகனுக்கும் நடந்த பேச்சு எனக்குத் தெரியாது. கொஞ்சம் ஆரோக்கியநாதன் சொன்னது, கொஞ்சம் நான் கூட்டியது.

"ஊரெல்லாம் வாசல் கறவை வேணாம்னு பேசிட்டு வரேன்மா. நம்ம வாசல்லயே நடக்குது."

"நீ பேசறதை நான் வேணாம்னு சொல்லலியே. பேசு."

"சங்கத்துப் பால் நம்ம தெருவுக்கே வருது. அதை வாங்கினா என்ன?"

"எத்தனை மாட்டுப் பால் அது?"

"இருபது மாடு இருக்கும்."

"எனக்கு ஒரு மாட்டைத் தெரியும்," என்றாள் ஃப்ளோரன்ஸ். "இருபது பேரைச் சேர்த்து நம்பச் சொல்றே. நீ உங்க சங்கத்திலே எத்தனை பேரை நம்பறே, அதைச் சொல்லு."

அவர் பேச்சை மாற்றினார்.

"நான் எடுத்த புடவையைப் போய்க் கொடுத்திருக்கீங்க."

"அந்தக் கலர் எனக்கு என்னிக்குமே பிடிக்கலடா. எருமைக்குன்னான். சரி, யாருக்காவது பிடிக்கட்டும்னு கொடுத்தேன்."

மறுநாள் ஆரோக்கியநாதன் வேலைக்குச் சீக்கிரம் கிளம்பவில்லை. தன் வாசல்படியில் சங்கத்துச் சின்ன கேனோடு உட்கார்ந்திருந்தார். வேம்புலி பார்த்துவிட்டு, எருமையைத் திருப்பிக்கொண்டு போகலாமா என்று நினைத்தான். துரைசானி திரும்பாது. தன் இடத்துக்குப் போய் நின்றது. வேம்புலி பழக்க தோஷத்தில் சொம்பைக் கவிழ்த்துக் காட்டினான். ஆரோக்கியநாதன் அதை வாங்கி, தானும் ஒரு தரம் கவிழ்த்தார்.

"அவசரப்படாமக் குடி," என்றாள் ஃப்ளோரன்ஸ் உள்ளேயிருந்து வந்து.

பால் சொம்பில் விழும் சத்தம் கேட்டது. காரியதரிசி அந்தச் சத்தத்தை அதுவரைக்கும் அவ்வளவு கிட்டத்தில் கேட்டதில்லை. இரண்டு படி. அம்மாவுக்கு ஒரு ஆழாக்கு போக மீதியைக் கேனில் ஊற்றி, சைக்கிளில் கட்டிக்கொண்டு, பாலம் தாண்டிக் கோட்டூருக்கு வந்து பொது கேனில் கொட்டினார்.

"வேம்புலி பால். எழுதிக்கோ," என்றார் அளவுக்காரனிடம்.

அளவுக்காரன் எழுதினான். கண்ணாடிக் குச்சியை விட்டுப் பார்த்தான். அந்த மாசத்திலேயே அதைவிட நல்ல பால் அவன் பார்த்ததில்லை. ஆனால் கொட்டகையில் கறந்த பால் இல்லை.

7

இப்படி முப்பது நாள் நடந்தது. ஒரு நாள் மழையில் சைக்கிள் சறுக்கி, கேனைக் காப்பாற்றிக் கொண்டு காரியதரிசி விழுந்தார். முழங்கையில் இன்னும் தழும்பு இருக்கிறது. இதற்குள் பல்லாவரம் சந்தைத் தரகன் இரண்டு வெள்ளிக்கிழமை வேம்புலி வீட்டுப்பக்கம் வந்து, துரைசானியின் விலாவைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனான். "புண்ணாக்கு இல்லாம ஆடி தாண்டாது. நிக்கிறப்பவே குடுத்துடு," என்றான்.

லாரி வருவதற்கு முந்தின நாள் கூட்டம் போட்டார்கள். கேள்வி ஒன்றுதான்: வேம்புலி பெயர் பட்டியலில் ஏறுமா?

ஆரோக்கியநாதன் எழுந்து நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். "தப்பு என்னுது. ஆனா பால் சங்கத்துக்கு வந்துது. ஒரு நாள் விடல. எடுத்துக்கிட்டு வந்தவன் நான், சாட்சியும் நான்." சம்பளக்காரருக்கு ஓட்டு இல்லை. உட்கார்ந்துவிட்டார்.

பேச்சியம்மாள் எழுந்தாள். தெற்கேயிருந்து பஞ்சம் பிழைக்க வந்த விதவை, இரண்டு பசு வைத்திருந்தாள்.

"எம் மாடும் மொத வாரம் ஒதைச்சுது. இந்தா, தொடையில கன்றிப் போயிருக்கு. நான் என்ன, காரியதரிசியக் கூப்பிட்டு எம் பாலச் சொமந்துட்டு வாங்கன்னா சொன்னேன்?"

"பேச்சியக்கா, எருமை மாட்டேங்குதுன்னா அவன் இன்னா பண்ணுவான்?" என்றார் வலியுல்லா சாயபு.

"அவரு என்னமும் பண்ணட்டும். நான் சொல்லுதது வேற. கண்ணெதிர்ல கறக்கணும்னு சட்டம் இருக்கதாலதான் நான் இந்தக் கொட்டகைக்குள்ள ஒங்களுக்குச் சமமா நிக்கேன். முன்னாடி எம் பால்ல தண்ணியின்னு எவன் வேணா சொல்லுவான், நான் பொம்பள, அழுதுட்டுப் போவேன். இன்னைக்கு ஒருத்தன் சொல்லட்டும் பாப்போம். இன்னைக்கு இவருக்கு வாசல். நாளைக்கு எல்லாருக்கும் ஒரு வாசல் இருக்கும். நல்ல பாலு வாசலுக்குப் போவும், கழிவு கொட்டகைக்கு வரும். அப்புறம் லாரி எதுக்கு வரும்?"

அவள் சொன்னதில் ஓட்டை இல்லை.

காது கடிபட்டவன் எழுந்தான். எல்லோரும் அவன் வேம்புலிக்கு எதிராகத்தான் பேசுவான் என்று நினைத்தார்கள்.

"எனக்கும் அவனுக்கும் ஆவாது. தெரிஞ்சதுதான். ஆனா தண்ணித் தகராறுல கூட அவன் எருமையை அவுத்து எம் பாத்தியிலே வுட்டதில்லே. அவ்ளோதான் சொல்லுவேன்." உட்கார்ந்துவிட்டான். அது பேச்சா, என்ன என்று யாருக்கும் புரியவில்லை. எனக்குக் கொஞ்சம் புரிந்தது.

கையைத் தூக்கச் சொன்னார் சாயபு. ஏறட்டும் என்று ஐந்து கை. கூடாது என்று ஐந்து கை. வேம்புலிக்கு ஓட்டு இல்லை. தன் விஷயம் பேசும்போது உள்ளே இருக்கக்கூடாது என்பதும் நாங்கள் போட்ட சட்டம்தான். அவன் வெளியே நின்றான்.

மீதி ஒருவன், அளவுக்காரன்.

8

இங்கேயிருந்து நான் நாலு முடிவு எழுதினேன்.

முதலாவதில் துரைசானி பல்லாவரம் போகிறது. வாங்குகிறவன் பழைய கயிற்றை அவிழ்த்து விற்றவனிடம் கொடுத்துவிட்டுத் தன் கயிற்றைக் கட்டுவான், அது சந்தை வழக்கம். வேம்புலி வெறுங்கயிற்றைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறான், கன்னியம்மா எதுவும் கேட்காமல் அதை வாங்கி— இதற்குமேல் எழுத முடியவில்லை. கன்னியம்மா எதுவும் கேட்காமல் இருப்பாள் என்பதை நானே நம்பவில்லை.

இரண்டாவதில் ஃப்ளோரன்ஸ் டீச்சரம்மாள் ரிக்‌ஷாவில் கொட்டகைக்கு வருகிறாள். "அவசரப்படாமக் குடி" என்கிறாள். துரைசானி எல்லோர் கண்ணெதிரிலும் இரண்டு படி கொடுக்கிறது. பேச்சியம்மாளே சிரித்துவிடுகிறாள். இப்படி முடித்தால் மலரில் போடுவார்கள், சாயபு கண்ணைத் துடைத்துக்கொள்வார். ஆனால் ஒரு நாள் ரிக்‌ஷாவில் வரலாம். முப்பது நாள்?

மூன்றாவதில் பேச்சியம்மாள் மனம் இளகி ஓட்டை மாற்றிக்கொள்கிறாள். பேச்சியம்மாளை எனக்குத் தெரியும். கிழித்துப் போட்டேன். அவள் இளகவேண்டிய அவசியமும் இல்லை.

நாலாவது, நடந்தது. அளவுக்காரன் எந்தப் பக்கம் கையைத் தூக்கினான் என்று எழுதிவிட்டு, இரண்டு நாள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இரக்கத்துக்காகத் தூக்கினான் என்று எழுதினால், பேச்சியம்மாளிடம் இருந்து எதையோ பிடுங்கிக் கொடுத்ததுபோல் இருக்கிறது. சட்டத்துக்காகத் தூக்கினான் என்று எழுதினால், சங்கம் யாருக்காக என்று என் பேனாவே என்னைக் கேட்கிறது. நல்லது செய்தேன் என்றால் பெருமை அடிக்கிறான் என்பீர்கள். கெட்டது செய்தேன் என்றால் மன்னிப்புக் கேட்கிறான் என்பீர்கள். உங்கள் இடத்தில் நான் இருந்தால் அப்படித்தான் நினைப்பேன். ஆகவே அந்தப் பக்கத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

சங்கம் இன்னும் நடக்கிறது. மலர் போடுகிறது. அதை வைத்து எதையும் கண்டுபிடித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். அது இரண்டு விதத்திலும் நடந்திருக்கும்.

கூட்டுறவில் ஆளுக்கு ஒரு கை. பத்து மாடு வைத்திருந்தாலும் ஒன்றுதான், ஓர் எருமை வைத்திருந்தாலும் ஒன்றுதான். எட்டுப் பிரிவாக இவ்வளவு தூரம் கூட வந்துவிட்டீர்கள். துரைசானியைத் தெரியும், பேச்சியம்மாள் தொடையில் இருக்கிற கன்றலும் தெரியும். என் இடத்தில் வந்து உட்காருங்கள். நான் எழுந்துகொள்கிறேன். கண்ணாடிக் குச்சியை அந்த ஆணியில் மாட்டிவிடுங்கள், கையில் வைத்துக்கொண்டு ஓட்டுப் போட வராது.

பத்துப் பேரும் உங்களைத்தான் பார்க்கிறார்கள். ஆரோக்கியநாதன் மட்டும் தரையைப் பார்க்கிறார். நீங்கள் எப்படித் தூக்குகிறீர்கள் என்று நான் பார்க்கமாட்டேன்.

தூக்கின பிறகு ஒரு வேலை இருக்கிறது. முடிவை வெளியே போய் அவனிடம் சொல்லவேண்டும். சாயபு போகமாட்டார், அவருக்கு இளகின மனசு. வேம்புலி எருமையின் கழுத்தைச் சொறிந்துகொண்டு கொட்டகைக்கு முதுகைக் காட்டி நிற்கிறான். உங்கள் காலடிச் சத்தம் கேட்டும் திரும்பமாட்டான். இடப்பக்கமாகப் போங்கள். வலப்பக்கம் போனால் துரைசானி உதைக்கும்.